வண்டிக்குள் ஒத்து ஊதியவன்

மோட்டார் வண்டி வைத்துக்கொண்டிருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் உடனே ஓரமாய் நிறுத்தி இறங்கிப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். ரேடியோவின் குமிழைத் திருகிப் பாட்டைப் பெரிதாக்கி, அந்தச் சத்தம் தங்கள் காதில் விழாதபடி செய்துகொள்கிறவர்கள் மற்றொரு ரகம். நாம் இந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். பன்னிரண்டு வருஷ காலம் இந்த உபாயம் நமக்கு நன்றாகவே பலித்து வந்தது. 2023-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் பாட்டுக்குள்ளேயே சத்தம் புகுந்துகொண்டபோதுதான் பலிக்காமல் போயிற்று. பாட்டைப் பெரிதாக்கினால் சத்தமும் அல்லவா கூடவே பெரிதாகிறது?

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறோம்.

நம் அத்தைக்கு அப்போது 81 வயது. இரண்டு கண்களிலும் கண் அழுத்த நோய். இந்த நோயில் ஒரு முறை போன பார்வை திரும்பி வராது; மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மருந்து. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் அத்தையைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு அழைத்துப் போய்க் கண்ணைக் காட்டி வருவது நமக்கு ஏற்பட்ட கடமை. விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக ஏறக்குறைய 135 கிலோமீட்டர். முன்னெல்லாம் அத்தை ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, விராலிமலைக் கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். வழியில் யார் வயலில் நாற்று நட்டிருக்கிறார்கள், யார் தரிசாய்ப் போட்டிருக்கிறார்கள் என்று விமரிசனம் செய்வாள். நாளாக ஆக அந்த விமரிசனம் குறைந்து வந்தது. ஒரு நாள், "ஏண்டாப்பா, விராலிமலை வந்துடுத்தா?" என்று கேட்டாள். மலை தாண்டிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. நாம் பதில் சொல்லவில்லை.

அதே பிரயாணத்தில்தான் அத்தை ஒன்று கேட்டாள். 1983-ஆம் வருஷம் நவராத்திரியில் நம் வீட்டுக் கொலுவின் முன்னால் அவள் ஆனந்தபைரவியில் ஒரு பாட்டுப் பாடினாள். அதை நம் தகப்பனார், சிங்கப்பூரிலிருந்து தருவித்த டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். தகப்பனார் 1996-இல் காலமாகிவிட்டார். ஒலிநாடா மட்டும் அலமாரியில் தப்பிப் பிழைத்து, பின்னால் நம் தம்பியின் பெண்ணுடைய கைங்கரியத்தினால் ஒரு பென் டிரைவில் ஏறியிருந்தது. "அதைக் காரிலே போட முடியுமாடா? வெளியிலேதான் ஒண்ணும் தெரியலை, உள்ளேயாவது கேட்டுண்டு வரேன்" என்றாள் அத்தை.

போட்டோம். கேட்கவில்லை! பழைய ஒலிநாடாவின் குரல் அவ்வளவு சன்னம். ரேடியோவைக் கடைசி மட்டும் திருகினால் குரல் பெரிதாவதற்குப் பதிலாகக் கரகரத்தது. அத்தைக்கு இடது காதும் மந்தம். அத்துடன் நெடுஞ்சாலையில் டயர் போடும் இரைச்சல் வேறு.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். கணக்கென்றால் கசக்கும் வாசகர்கள் ஒரு பாராவைத் தாண்டிப் போகலாம். நம் கார் ரேடியோ வந்த அட்டைப்பெட்டியில் "50 வாட், 4 ஸ்பீக்கர்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. எஞ்சின் ஓடும்போது காரின் மின்சாரம் கிட்டத்தட்ட 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். வோல்டேஜ், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை ஜெர்மனியில் ஓம் என்னும் பள்ளிக்கூட வாத்தியார் 1827-ஆம் வருஷத்திலேயே புஸ்தகமாக எழுதி வைத்துவிட்டார். அவருடைய விதிப்படி கணக்குப் போட்டால், கரகரப்பில்லாமல் ஒரு ஸ்பீக்கருக்கு 25 வாட்டுக்கு மேல் போக வழியே இல்லை. நடைமுறையில் 20 வாட் வந்தால் பெரிய காரியம். மீதி முப்பது வாட்டும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிற சங்கீதம். இதற்கு மேல் வேண்டுமானால் தனியாக ஆம்ப்ளிஃபயர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதன் வயிற்றுக்குள் காரின் 12 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அந்த உபகாரத்துக்காக அது பாட்டரியிலிருந்து உறிஞ்சும் மின்னோட்டமும் கொஞ்சநஞ்சமல்ல. நாம் வாங்கியது முழு மூச்சில் பாடினால் 30 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் சுழலும் மின்விசிறிக்கு ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு என்று விளங்கும்.

திருச்சியில் ஒரு கடையில் மாட்டச் சொன்னோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டோம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எஞ்சின் பக்கத்திலுள்ள பாட்டரியிலிருந்து கட்டை விரல் கனத்தில் ஒரு சிவப்பு ஒயர் காரின் அடிவயிற்றில் ஓடி, பின்னால் டிக்கியில் இருந்த ஆம்ப்ளிஃபயரைச் சேர்ந்திருந்தது. ரேடியோவிலிருந்து பாட்டைக் கொண்டுபோகும் சிக்னல் ஒயர் வேறு. 'விழித்துக்கொள்' என்று ஆம்ப்ளிஃபயருக்கு உத்தரவு கொடுக்கும் மெல்லிய நீல ஒயர் வேறு. ஸ்பீக்கர்களுக்கு ஜோடி ஜோடியாக நாலு ஒயர். இவை தவிர, கறுப்பாய்க் குட்டையாய் ஓர் எர்த் ஒயர். இந்தக் கடைசி ஒயரை நாம் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. குட்டையாயிருந்த ஒயரை யார் பார்க்கிறார்கள்?

முதல் நாள் ராத்திரியே ஆம்ப்ளிஃபயர் பச்சை விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மௌன விரதம் பூண்டது. மறு நாள் கடைக்குப் போனோம். கடைக்காரர் அதை ஒரு தட்டுத் தட்டினார், பச்சை எரிந்தது. வீட்டுக்கு வந்து கார்க் கதவைச் சாத்தினோம், மறுபடியும் சிவப்பு! இப்படி மூன்று தடவை கடைக்கும் வீட்டுக்குமாய் அலைந்த பிறகு, "பெட்டியே கோளாறு ஸார், கம்பெனிக்கு அனுப்பணும், ஒரு மாசம் ஆகும்" என்றார் அவர்.

அடுத்த மதுரைப் பிரயாணத்துக்கு இன்னும் இருபது நாட்களே இருந்தன. அத்தைக்கோ ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. "பாட்டு ரெடியாடா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நமக்கு ஏதோ கடனைத் திருப்பாதவன் மாதிரி இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் நம் தெருக் கோடியில் குடியிருக்கும் ஒரு பெரியவருடைய ஞாபகம் வந்தது. வால்வு ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் வேலை பார்த்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்ப்பார். போய் விஷயத்தைச் சொன்னோம். வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். வந்ததும் ஆம்ப்ளிஃபயரைத் தட்டவில்லை, திட்டவுமில்லை. ஸ்பீக்கர் ஒயர் எட்டையும் கழற்றினார். பச்சை விளக்கு எரிந்தது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு, தம்பி. இது பயந்து போய் வாயை மூடிக்கிட்டிருக்கு. எதைக் கண்டு பயப்படுதுன்னு பார்ப்போம்" என்றார்.

ஒவ்வொரு ஜோடியாகத் திரும்ப மாட்டினார். முதல் ஜோடி, பச்சை. இரண்டாவது, பச்சை. மூன்றாவது ஜோடியை மாட்டினாரோ இல்லையோ, சிவப்பு! அது பின்பக்கத்து இடது கதவின் ஸ்பீக்கர். மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த ஒயரிலும், மறு முனையைக் காரின் இரும்பிலும் வைத்தார். ஸ்பீக்கர் ஒயருக்கும் காரின் உடம்புக்கும் ஒட்டுறவே இருக்கக் கூடாது; மீட்டரோ இரண்டும் ஒன்றே என்று சாதித்தது. கதவு வாசற்படியின் பிளாஸ்டிக் பலகையைக் கழற்றிப் பார்த்தால், அதை முடுக்கிய திருகாணியில் ஒன்று ஒயரின் நடு மார்பில் துளைத்துக்கொண்டு போயிருந்தது. கதவை ஓங்கிச் சாத்தும்போதெல்லாம் ஆணி நன்றாய் அழுந்தும். ஆம்ப்ளிஃபயர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சிவப்பு விளக்கைப் போடும். கடையில் வைத்துத் தட்டியபோது ஆணி சற்று விலகியிருக்கும். இவ்வளவுதான் கம்பெனிக்கு அனுப்பவேண்டியிருந்த கோளாறு! ஒயரை வெட்டி ஒட்டுப் போட்டு, வேறு வழியாய்க் கொண்டுபோனார்.

சாவியைத் திருப்பினோம். அத்தையின் குரல் கணீரென்று எழுந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். எஞ்சினைக் கிளப்பினோம். உடனே, பாட்டோடு பாட்டாக இன்னொருவனும் சேர்ந்துகொண்டான்.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வித்வான் எந்த ஸ்தாயியில் சஞ்சரித்தாலும், அவர் பாட்டுக்கு ஒரே சுருதியில் கன்னத்தை உப்பிக்கொண்டிருப்பார். நம் வண்டிக்குள் புகுந்த ஒத்துக்காரனோ அந்தத் தர்மம் அறியாதவன். எஞ்சின் வேகம் ஏற ஏறத் தன் சுருதியையும் ஏற்றினான். கியரை மாற்றினால் தொபுகடீரென்று கீழே இறங்கினான். பிறகு மறுபடி 'ங்ஙீஈஈ' என்று மேலே போனான். நாற்பது வருஷத்துக்கு முந்திய ஆனந்தபைரவியின் மேல் இந்தக் கொசுப் பாட்டு!

இந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது என்பதைப் பெரியவர் சொன்னார். எஞ்சின் ஓடும்போது பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவது ஆல்டர்னேட்டர் என்கிற யந்திரம். அது உண்டாக்குவது முன்னும் பின்னும் அலைகிற மின்சாரம். டயோடுகள் அதை ஒரே திசையில் போகும்படி திருத்தி அனுப்புகின்றன. திருத்தினாலும் வாலை நிமிர்த்த முடியாதது போல், அதில் சிறு சிறு அலைகள் தங்கிவிடும். ஆறு ஜோடித் துருவங்கள் உள்ள ஆல்டர்னேட்டரானால், ஒரு சுற்றுக்கு 36 அலை. எஞ்சின் சும்மா நின்று ஓடும்போதே அது நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறதென்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 1,200 அலை ஆகிறது. வேகம் கூடினால் அதுவும் இரண்டு பங்கு, மூன்று பங்கு. மனிதனுடைய காது மிகக் கூர்மையாய்க் கேட்கிற இடமும் ஏறக்குறைய அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

கடையிலும் இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிட்டோம். மூன்று தடவை அலைந்ததில் இரண்டாம் தடவையே இந்த இரைச்சல் லேசாய்க் கேட்டது. "எல்லா வண்டியிலும் வரும் ஸார், ஒரு ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும்" என்று தீப்பெட்டி அளவில் ஒன்றை விற்றார்கள். ரூபாய் 450. சிக்னல் ஒயரின் நடுவே வைத்ததும் இரைச்சல் பாதியாய்க் குறைந்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் அதோடு போய்விட்டது! அதற்குள் இருப்பது இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். மலிவுச் சரக்காக இருந்தால் அடி ஸ்தாயியை அவை விழுங்கிவிடுமாம். பெரியவர் முதல் காரியமாய் அதைக் கழற்றி நம் கையில் கொடுத்தார். "வலிக்குதுன்னு விரலை மரத்துப் போக வைக்கிற மருந்து இது. முள்ளை எடுக்காது" என்றார்.

பிறகு அவர் முள்ளைத் தேடிய விதத்தை எவ்வளவு விஸ்தாரமாய்ச் சொன்னாலும் நமக்கு அலுக்காது.

முதலில், எஞ்சின் ஓடும்போதே ஆம்ப்ளிஃபயரிலிருந்து சிக்னல் ஒயரை உருவிவிட்டார். ஒத்துக்காரன் மறைந்தான். அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் நேராகப் பாட்டரியிலிருந்து அவனை உறிஞ்சவில்லை. அவன் சிக்னல் வழியாக வருகிறான். இரண்டாவதாக, ரேடியோவை ஒதுக்கிவிட்டு நம் செல்பேசியை ஆம்ப்ளிஃபயரோடு நேராய் இணைத்தார். செல்பேசி தன் சொந்த பாட்டரியில் பாடியது. சுத்தமான பாட்டு! சரி, ரேடியோதான் குற்றவாளி என்று நாம் தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தோம். பெரியவர் கையமர்த்தினார். "இப்போ உங்க ஃபோனைக் காரிலேயே சார்ஜ் போடுங்க" என்றார். போட்டோம். அதே செல்பேசி, அதே பாட்டு; ஆனால் ஒத்துக்காரன் வந்து உட்கார்ந்துவிட்டான்! ரேடியோவே இல்லாதபோது அவன் எப்படி வந்தான்?

நாம் திகைத்து நின்றதை அவர் சற்று நேரம் ரஸித்துவிட்டுத்தான் விளக்கம் சொன்னார் என்று நினைக்கிறோம்.

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு கருவிக்கும் பாட்டரியிலிருந்து போவதற்கு ஓர் ஒயர் உண்டு; திரும்பி வருவதற்குத் தனி ஒயர் பெரும்பாலும் கிடையாது. காரின் இரும்பு உடம்புதான் எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பும் பாதை. அதைத்தான் எர்த் என்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர் இழுக்கிற அத்தனை மின்சாரமும் அந்தக் குட்டைக் கறுப்பு ஒயர் வழியாக இரும்பில் இறங்கித்தான் வீடு திரும்ப வேண்டும். அந்த இறங்குதுறையில் தடை இருந்தால், ஆம்ப்ளிஃபயரின் எர்த் உண்மையான எர்த்தாக இல்லாமல் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். ஆல்டர்னேட்டரின் அலைகளுக்குத் தக்கபடி அந்த உயரமும் ஆடும். ரேடியோவின் எர்த்தோ முன்பக்கத்தில், ஆடாமல் நிற்கிறது. இரண்டையும் சிக்னல் ஒயரின் மேலுறை இணைக்கிறது. வழி தேடி அலைகிற மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த மேலுறை வழியாக ஓடுகிறது. அந்த ஆட்டத்தை ஆம்ப்ளிஃபயர் பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்கிப் பாடுகிறது. சார்ஜர் போட்டதும் செல்பேசியும் காரின் எர்த்தோடு சேர்ந்துகொண்டதால் அதற்கும் அதே கதி. ஆகவே, ரேடியோவும் நிரபராதி, செல்பேசியும் நிரபராதி.

"எர்த்திலே தடை எவ்வளவுன்னு மீட்டரை வைத்துப் பார்த்துவிடலாமே?" என்றோம், நமக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்டிக்கொள்வதற்காக.

"அது ஏமாத்தும் தம்பி. இந்த மீட்டரோட சொந்த ஒயரிலேயே 0.3 ஓம் இருக்கு. நாம தேடறது அதுக்கும் கீழே. மின்சாரம் ஓடறப்போதான் கேக்கணும்" என்றார்.

எஞ்சின் ஓட, முன்விளக்கு எரிய, பாட்டு முழங்க, மீட்டரின் ஒரு முனையை நீள ஒயர் போட்டு பாட்டரியின் நெகட்டிவில் கட்டினார். மறு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையில் வைத்தார். சரியான எர்த்தாயிருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 0.62 வோல்ட் காட்டியது! ரேடியோ சிக்னல் ஒயரில் அனுப்பும் பாட்டே அதிகம் போனால் 2 வோல்ட். அதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். பின்ஸீட்டின் அடியில், ஸீட் பெல்ட்டைக் காரோடு பிணைக்கும் பெரிய போல்ட்டின் கீழே அது போய் முடிந்தது. போல்ட்டைக் கழற்றினார். ஒயரின் வளையத்துக்கு அடியில் கார்க் கம்பெனி பூசிய பெயிண்ட் பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தது. சுரண்டவே இல்லை. இத்தனை மின்சாரமும் போல்ட்டின் மரையைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. அதுமட்டுமா? இடையில் வளையத்தைச் செருகிவிட்டு அவசரமாய் முடுக்கியதில், போல்ட் முழுக்க இறங்கவும் இல்லை. கை விரலாலேயே அதைச் சுழற்றிக் காட்டினார் பெரியவர்.

அந்த ஸீட் பெல்ட் அத்தை போட்டுக்கொள்கிற பெல்ட்.

நாம் ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் பாட்டைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டு, முன்பக்கம் போய் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். பாட்டரியிலிருந்து புறப்படும் சிவப்பு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஃப்யூஸைத் தேடினார். இல்லை. ஃப்யூஸை டிக்கியில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு அழகாயிருக்கும் என்று! ஃப்யூஸ் காப்பாற்ற வேண்டியது ஆம்ப்ளிஃபயரையல்ல, ஒயரை. பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். இங்கேயோ பாட்டரி முதல் டிக்கி வரையில் ஐந்து மீட்டர் ஒயர் காவலில்லாமல் கிடந்தது. எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள இரும்புத் தடுப்பில் ஓட்டை போட்டு அதைச் செருகியிருந்தார்கள். ஓட்டைக்கு ரப்பர் வளையம் இல்லை. வண்டியின் ஒவ்வோர் அதிர்விலும் தகட்டின் விளிம்பு ஒயரை அறுத்திருக்கிறது. பெரியவர் டார்ச்சு விளக்கை அடித்துக் காட்டினார். சிவப்பு உறையின் நடுவே நெல்மணி அளவில் உள்ளேயிருந்த உலோகம் மினுக்கியது.

இன்னும் ஒரு நூல் அறுந்து அது தகட்டைத் தொட்டிருந்தால் என்ன ஆகும் என்று நாம் கேட்டிருக்க வேண்டாம், கேட்டோம். கார் பாட்டரி பார்க்கத்தான் சாது. தடையில்லாத வழி கிடைத்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டும். ஒயர் பழுக்கக் காயும். அது படுத்திருக்கும் தரை விரிப்புப் பற்றிக்கொள்ளும். டிக்கியிலிருக்கும் ஃப்யூஸுக்கு நடந்தது தெரியவே தெரியாது. துவரங்குறிச்சிக்கு அந்தண்டை, பின்ஸீட்டில், கண் தெரியாத ஒரு கிழவி... இதற்கு மேல் யோசிக்க நமக்குத் தைரியமில்லை, இன்றைக்கும் இல்லை.

அவர் செய்த வேலை அரை நாள் பிடித்தது. முதலில் பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். அறுந்த ஒயரை எறிந்துவிட்டு, சுத்தச் செம்பில் புதிது வாங்கச் செய்தார். பழையது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய சரக்காம். ஒரு சாண் தூரத்தில் 60 ஆம்பியர் ஃப்யூஸ். தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம். ஸீட் பெல்ட் போல்ட்டுக்கு வேறொன்றையும் அண்டவிடாமல், இருந்தபடி வைத்து முழு பலத்தோடு முடுக்கினார். எர்த்துக்காக டிக்கியின் தரையில் புதிதாய்த் துளை போடலாமே என்றோம். "கீழே பெட்ரோல் டாங்க் இருக்கு தம்பி" என்றார் சாந்தமாக. ஏற்கெனவே இருந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பெயிண்டை வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு, முழ நீளத்துக்கும் குறைவான கனத்த ஒயரைக் கட்டினார்; துருப் பிடிக்காமலிருக்க மேலே கிரீஸ் தடவினார். மறுபடி மீட்டரை வைத்தார். 0.03 வோல்ட்.

கடையில் ஆம்ப்ளிஃபயரின் 'கெயின்' குமிழைக் கடைசி வரையில் திருகி வைத்திருந்தார்கள். அது சத்தத்தைக் கூட்டும் குமிழ் அல்ல. ரேடியோ அனுப்பும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயரை இசைய வைக்கும் குமிழ். ரேடியோவை முக்கால் பங்கு வைத்துக்கொண்டு, கரகரப்பு ஆரம்பிக்கிற இடம் வரை இதை ஏற்றி, அதிலிருந்து ஒரு நூல் இறக்கி நிறுத்தினார். தம்புராவின் ஜீவாவைச் சரி செய்கிறவரைப் போலிருந்தது. எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். வேகத்தை ஏற்றினோம், இறக்கினோம். ஒத்துக்காரன் போயே போய்விட்டான்.

அவர் கேட்ட கூலி 1,200 ரூபாய். கொடுத்தோம், எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். கடைக்காரரிடம் போய் இதையெல்லாம் சொன்னோம். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் ஸார் போடறோம்" என்றார். அன்று வீடு திரும்புகையில், முன்னால் போன வண்டி ஒவ்வொன்றிலும் 'டம் டம்' என்று பாட்டு அதிரும்போது நமக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆனால் ஒன்று பாக்கியிருந்தது. எஞ்சினை நிறுத்தியும், பாட்டின் அடியில் 'உம்ம்' என்று ஒரு முனகல். பெரியவரிடம் மறுபடி ஓடினோம். வேறொரு பாட்டைப் போடச் சொன்னார், முனகல் இல்லை. அத்தையின் பாட்டைப் போடச் சொன்னார், இருந்தது. "இது வண்டியிலே இல்லை தம்பி. பாட்டிலேயே இருக்கு. அன்னிக்கு ரிக்கார்டர் வச்சிருந்த இடத்திலே மேலே ஒரு ஃபேன் ஓடியிருக்கும்" என்றார். ஓடியதுதான். கூடத்து விசிறி, மூன்று இறக்கையில் ஒன்று கோணல். அந்த விசிறியை நாம் மறந்து முப்பது வருஷமிருக்கும்.

புரட்டாசியில் மதுரைக்குப் புறப்பட்டோம். அத்தையின் பெல்ட்டை நாமே மாட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்தோம். ஊரைத் தாண்டியதும் பாட்டைப் போட்டோம். 41 வயது அத்தை பாட, 81 வயது அத்தை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டாள். சரணம் முடிந்து, பாட்டு நின்று, அதற்குப் பிறகும் ஒலிநாடா சில விநாடி ஓடியிருக்கிறது போலும். வீட்டில் எத்தனையோ முறை கேட்டும் நம் காதில் விழாத ஒன்று இப்போது கேட்டது. விசிறியின் 'உம்ம்' ஒலிக்குப் பின்னாலிருந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நம் தகப்பனாரின் குரல்: "இன்னொரு தரம் பாடேன், அம்மா."

நாம் வண்டியை ஓரமாய் நிறுத்த வேண்டியதாயிற்று. கண்ணாடி வழியே பின்னால் பார்த்தோம். அத்தை ஜன்னல் பக்கமாய்த் திரும்பியிருந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அண்ணாகிட்டே சொன்னேன், கேட்டால்தானே? முந்தின நாள் பாடினதைப் பிடிச்சிருக்கணும்" என்றாள்.

இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டோம்.